பல்படி ஆட்சியும் நாட்டின் பொருள்நிலையும்

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் யான் என் ஊருக்குச் சென்றிருந்தபொழுது, மே மாதம் முதல் நாளன்று கூடிய கிராம சபையில் ஓரமாக அமர்ந்து நடப்பனவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுவரியைப் பற்றியும் தெருவிளக்குகளைப் பற்றியும் பேச்சு முடிந்தபின், எங்கள் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவர் எழுந்து, "இருபது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லையே, யாரைக் கேட்பது?" என்று வினவினார். அதற்கு வந்த விடை இது: குழாய் பதித்தது ஒரு திட்டம், அதற்குப் பணம் ஈந்தோர் இரண்டு அரசினர், மோட்டாரைப் பழுதுபார்த்தல் ஊராட்சியின் பொறுப்பு, அதற்குரிய தொகை மேலிருந்து வருதல் வேண்டும், வந்தவுடன் ஆவன செய்யப்படும். மூதாட்டியார் யாவற்றையும் பொறுமையுடன் கேட்டு, "எந்தச் சர்க்காராயிருந்தால் என்ன ஐயா, குடம் ஒன்றுதானே!" என்று கூறி அமர்ந்தார். கூட்டம் கலைந்தபின் என்னை நோக்கி, "நீ பெரிய காலேஜில் படிக்கிற பிள்ளை. நீயாவது சொல்லு தம்பி, இத்தனை பேர் ஆளுகிறபோது தண்ணீர் ஏன் வரவில்லை?" என்றார். தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் யான் அதற்கு விடை அறியாது நாணினேன். அந்நாணமே இக்கட்டுரை பிறந்ததற்குக் காரணம் ஆகும். பொருளியல் எனக்குரிய பாடமன்று; ஆயினும் நம் கல்லூரி நூல்நிலையத்தின் துணைகொண்டு யான் கற்றறிந்த சிலவற்றை ஈண்டு என் உடன்மாணவர்க்குக் கூறத் துணிகின்றேன்.

பல்படி ஆட்சியாவது யாது?

ஒரே நாட்டில், ஒரே குடிமக்கள்மீது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சி நிலைகள் ஒருங்கே அதிகாரம் செலுத்துவதைப் பல்படி ஆட்சி என்பர். நம் நாட்டில் நடுவண் அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என மூன்று படிகள் உள. இவை ஓர் அலுவலகத்தின் மேலோரும் கீழோரும் போன்றவை அல்ல. தாசில்தார் கலெக்டரின் ஆணைக்குக் கீழ்ப்பட்டவர். மாநில அரசோ நடுவண் அரசின் ஏவலாள் அன்று. அரசியலமைப்பே அதற்குரிய எல்லையை வகுத்துக் கொடுத்துள்ளது. ஏழாம் அட்டவணையிலுள்ள மூன்று பட்டியல்களுள் ஒன்று நடுவணரசுக்கும், ஒன்று மாநிலங்கட்கும், ஒன்று இருவர்க்கும் பொதுவாகவும் அமைந்திருத்தலை நாம் அறிவோம்.

இவ்வமைப்பு நாட்டின் பொருள்நிலையை எங்ஙனம் தாக்குகிறது என்று ஆராய, மூன்று எளிய வினாக்கள் போதும். வரியை வாங்குபவர் யார்? அதனைச் செலவிடுபவர் யார்? செலவுக்குக் கணக்குக் கேட்பவர் யார்? ஒரு குடும்பத்தில் ஈட்டுபவரும் செலவிடுபவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒரே கூரையின்கீழ் உளர். ஆதலின் வீண்செலவு விரைவிற் புலப்படும். பெரிய நாட்டிலோ இம்மூவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றனர். நன்மையும் தீமையும் அவ்விடைவெளியிலிருந்தே தோன்றுகின்றன.

முற்காலத்து நிலை

பல்படி ஆட்சி மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று சிலர் எண்ணுவர். காஞ்சிபுரத்திற்கு அணித்தாகிய உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றை ஓராண்டு நடத்தினர். கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்பது விதி. வேந்தன் தஞ்சையில் இருந்தான். ஏரியின் கரையை அடைப்பது ஊராரின் கையில் இருந்தது. ஆயினும் அம்முறையை அளவின்றிப் புகழ்தல் தகாது. அது வேதியர் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைய ஆடவரே அதற்குத் தகுதி பெற்றனர். பெண்டிர்க்கும் உழுதொழிலாளர்க்கும் அங்கு இடமில்லை. கணக்குக் கேட்கும் உரிமை சிலர்க்கே இருந்த காலம் அது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1688-ஆம் ஆண்டிலேயே சென்னைக்கு மாநகராட்சி அமைந்தது. எனினும் நெடுங்காலம் இந்தியாவின் வரவு செலவு முழுதும் கவர்னர் ஜெனரலின் கையிலேயே இருந்தது. மாகாணத்தார் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது தமக்கு உதவாமையால், மிகுதியாகக் கேட்டுப் பெறுவதிலேயே கருத்தாயிருந்தனர். இக்கேட்டினை நீக்க 1870-ஆம் ஆண்டில் மேயோ பிரபு சில துறைகளின் செலவை மாகாணங்களிடம் ஒப்புவித்தார். 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு, மக்கள் தம்மைத் தாமே ஆளப் பயிலுதற்குரிய பள்ளி உள்ளாட்சியே என்னும் கருத்துடன் தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதனைத் தொடர்ந்து வந்தது.

மெஸ்டன் தீர்ப்புக் காட்டும் பாடம்

வரிப்பங்கீடு பிழைபட்டால் ஒரு மாகாணம் எவ்வாறு வருந்தும் என்பதற்கு நம் மாகாணமே சான்றாயிற்று. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால் நிலவரி, ஆயத்தீர்வை, நீர்ப்பாசன வருவாய் முதலியன மாகாணங்கட்கும், சுங்கம், வருமானவரி, உப்பு முதலியன இந்திய அரசுக்கும் உரியவாயின. இப்பிரிவினையால் இந்திய அரசின் வரவு செலவிற் குறை நேர்ந்தது. அக்குறையை நிரப்ப மாகாணங்கள் ஆண்டுதோறும் எவ்வளவு செலுத்துதல் வேண்டும் என்று மெஸ்டன் பிரபுவின் குழு 1920-ஆம் ஆண்டில் வரையறுத்தது. மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதனுள் சென்னைக்கு விதிக்கப்பட்டது 348 லட்சம். ஐக்கிய மாகாணத்துக்கு 240 லட்சம். பஞ்சாபுக்கு 175 லட்சம். வங்காளத்துக்கு 63 லட்சம். பம்பாய்க்கு 56 லட்சம். அஃதாவது, முழுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் சென்னையின் தலையில் விழுந்தது.

இதற்குக் காரணம் பகையன்று, கணக்கே. சென்னை உழவு மிக்க மாகாணம்; நிலவரி மிகுதி. அவ்வரி மாகாணத்தைச் சேர்ந்தமையால் சென்னைக்குப் புதிதாகக் கிடைத்த வருவாய் மிகுதி எனக் குழுவினர் கண்டு, அதற்கேற்பப் பங்கும் கேட்டனர். பம்பாயும் வங்காளமும் வருமானவரியை இழந்தமையால் அவற்றின் பங்கு சிறுகியது. கணக்கில் நேரியதாகத் தோன்றிய இது நடைமுறையிற் கொடிதாயிற்று. கல்வியும் சுகாதாரமும் அப்பொழுதே மக்கட் பிரதிநிதிகளாகிய அமைச்சர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. பொறுப்பு அவர்க்கு வந்தது. பணமோ வடக்கே சென்றது. சென்னையின் முறையீடு ஓயாது ஒலித்தது. சில ஆண்டுகள் தொகை குறைக்கப்பட்டு, 1928-29-இல் இக்கப்பம் அறவே நீக்கப்பட்டது. அதிகாரத்தைப் பகிர்ந்து பணத்தைப் பகிராவிடின் பகிர்ந்தது பெயரளவே என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

இற்றை நாள் வரிப்பங்கீடு

சட்டம் இயற்றிய பெருமக்கள் இப்பாடத்தை மறந்திலர். நடுவணரசு ஈட்டும் வரியை மாநிலங்களுடன் பகிர்வதற்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு ஒன்றை அமைக்குமாறு அரசியலமைப்பின் 280-ஆம் பிரிவு விதிக்கின்றது. முதற்குழு 1951-ஆம் ஆண்டில் கே. சி. நியோகி தலைமையில் அமைந்தது. இரண்டாம் குழுவின் தலைவர் கே. சந்தானம் தமிழர், நான்காம் குழுவின் தலைவர் பி. வி. ராஜமன்னார் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாய் விளங்கியவர். மைய மாநில உறவை ஆராயத் தமிழ்நாட்டு அரசு 1969-ஆம் ஆண்டில் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவரானார்.

இக்குழுக்கள் ஏன் வேண்டும்? பரந்த வரிகளை ஈட்டுதல் நடுவணரசுக்கு எளிது. வருமானம் உடையோர் ஒரு மாநிலத்தை விட்டு மற்றொன்றுக்குப் பெயர்வர். துறைமுகத்திற் கொள்ளும் சுங்கம் நாடு முழுவதற்கும் உரியது. பள்ளி, மருத்துவமனை, காவல், பாசனம் ஆகிய செலவுகளோ மாநிலத்தாரையே சார்ந்தவை. ஆதலின் ஈட்டும் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நடுவணரசின் வழி வருகின்றது. செலவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு மாநிலங்களின் வழி நடைபெறுகின்றது. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது நிதிக்குழுவின் கடன்.

பதின்மூன்றாம் குழு பகிர்தற்குரிய வரியில் நூற்றுக்கு 32 மாநிலங்கட்கு என்றது. ஒய். வி. ரெட்டி தலைமையில் அமைந்த பதினான்காம் குழு அதனை 42 ஆக உயர்த்தியது. சம்மு காசுமீர் மாநிலம் 2019-ஆம் ஆண்டில் நடுவணரசின் நேரடி ஆட்சிப்பகுதிகளாக மாறியபின், பதினைந்தாம் குழு 41 என வகுத்தது. எண் உயர்ந்தது உண்மை. ஆயினும் ஒரு நுட்பம் உளது. செஸ் என்னும் மேல்வரியும் சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரியும் பகிர்தற்குரிய தொகையிற் சேரா. எடுத்துக்காட்டாக, ஈட்டிய நூறு ரூபாயில் இவை 15 ரூபாயாயின், எஞ்சிய 85 ரூபாயிலேயே 41 விழுக்காடு கணக்கிடப்படும். மாநிலங்களின் கைக்கு வருவது ஏறத்தாழ 35 ரூபாயே.

மாநிலங்கட்கிடையே பகிர்வது இதனினும் அரிய செயல். 2021 முதல் 2026 வரையுள்ள காலத்துக்குப் பதினைந்தாம் குழு கொண்ட அளவைகள் இவை: வருமானத்தில் பின்தங்கிய அளவுக்கு 45, 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக்கு 15, நிலப்பரப்புக்கு 15, மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியமைக்கு 12.5, காடும் சூழலும் பேணியமைக்கு 10, வரியீட்டும் முயற்சிக்கு 2.5. இவ்வளவைகளின்படி, மாநிலங்கட்குரிய நூறு ரூபாயில் உத்தரப் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 17.94 ரூபாயும், பீகாருக்கு 10.06 ரூபாயும், தமிழ்நாட்டுக்கு 4.08 ரூபாயும் கிடைத்தன. பதின்மூன்றாம் குழுவின் காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.97 ஆக இருந்தது.

இங்கு நடுநிலை வேண்டும். 1971-ஆம் ஆண்டில் நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏழரைப் பேர் தமிழ்நாட்டினர். 2011-இல் ஏறத்தாழ ஆறு பேர். குடும்பநலத்தைப் பேணியதனாலேயே பங்கு குறையுமாயின் அது நற்செயலுக்கு ஒறுப்பு ஆகாதோ என்று நம்மவர் கேட்பது முறையே. மற்றொரு புறம், பீகாரிற் பிறந்த குழந்தை வறிய மாநிலத்திற் பிறந்தமையாலேயே ஆசிரியரின்றி வளர்தல் வேண்டுமோ என்று அவர்கள் கேட்பதும் முறையே. ஒரு நாடு ஒரே சந்தையாய் இருந்து, எல்லா மாநிலத்தாரும் ஒருவர் பொருளை ஒருவர் வாங்குமிடத்து, ஏழை மாநிலம் எழுவது செல்வ மாநிலத்துக்கும் ஊதியமே. ஆதலின் பகிர்வு வேண்டுமா என்பது வினாவன்று. உழைப்பவன் ஊக்கம் குன்றாதபடி பகிர்வது எங்ஙனம் என்பதே வினா. 2026-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்குரிய பங்கீட்டை ஆராயுமாறு 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட பதினாறாம் குழுவின்முன் தமிழ்நாடு வைத்த வழக்கும் இதுவே.

சரக்கு மற்றும் சேவை வரி

2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, பல்படி ஆட்சியில் ஒரு பெரிய சோதனை எனலாம். அதற்குமுன் ஆலையில் ஒரு வரி, விற்பனையில் ஒரு வரி, எல்லையில் ஒரு வரி என ஒரே பொருள் பன்முறை வரிக்கு உட்பட்டது. சோதனைச் சாவடிகளில் லாரிகள் நெடுநேரம் நின்றன. புதிய முறையால் சாவடிகள் நீங்கி, நாடு ஒரே சந்தையாயிற்று. இது பெறற்கரிய நன்மை.

இதற்கு ஈடாக மாநிலங்கள் தம் விற்பனைவரி அதிகாரத்தில் பெரும்பகுதியை ஒரு பொது மன்றத்துக்கு விட்டுக்கொடுத்தன. அம்மன்றத்தில் நடுவணரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே, மாநிலங்கள் யாவும் ஒன்றுபடினும் நடுவணரசு இசையாவிடின் ஒன்றும் நிறைவேறாது. அம்மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்தும் ஆணைகள் அல்ல என்று உச்சநீதிமன்றம் 2022-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

வருவாய் குறையும் மாநிலங்கட்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சியைக் கொண்டு ஐந்தாண்டு ஈடு தரப்படும் என்பது ஒப்பந்தம். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி வணிகம் முடங்கியபொழுது ஈட்டுத்தொகை போதவில்லை. மருத்துவமனைச் செலவு மாநிலங்களின் தலையில் மிகுந்த அதே வேளையில் அவற்றின் வரவு சுருங்கியது. நெடிய வழக்காடலுக்குப்பின் நடுவணரசு மாநிலங்களுக்காகக் கடன் வாங்கி, 2020-21-இல் 1,10,000 கோடி ரூபாயும், 2021-22-இல் 1,59,000 கோடி ரூபாயும் அளித்தது. இடருற்ற காலத்தில் ஒரு படி மற்றொரு படிக்குத் தோள் கொடுத்தல் இயலும் என்பதையும், அத்தோளுக்காகக் காத்திருக்க நேரும் என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டியது.

உள்ளாட்சியின் நிலை

நிற்க. மூதாட்டியாரின் குடத்துக்கு அணித்தாயுள்ள படி ஊராட்சியே. 1948-ஆம் ஆண்டில் அரசியலமைப்பு மன்றத்தில் ஊராட்சிகளைப் பற்றிய பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொணர்ந்தவர் முற்கூறிய சந்தானமே. கிராமம் சாதிக்கொடுமைக்கு உறைவிடம் என்று அஞ்சிய டாக்டர் அம்பேத்கர், இத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். எனினும் அது நெறிகாட்டும் கொள்கையாகவே நின்றது. 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபின்னரே ஐந்தாண்டுத் தேர்தலும், பெண்டிர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் ஒதுக்கீடும், மாநில நிதிக்குழுவும் சட்டத்தால் உறுதிபெற்றன. உத்தரமேரூரில் இடம் பெறாதோர் இங்கு இடம் பெற்றனர். ஊராட்சிக்குரியனவாக 29 துறைகள் பதினொன்றாம் அட்டவணையில் எழுதப்பட்டன.

ஆனால் அவற்றை ஒப்படைக்கும் அளவு மாநிலத்தாரின் விருப்பத்தைச் சார்ந்தது. டெல்லி தமக்குரியதைத் தரவில்லை என்று முறையிடும் மாநிலங்கள், தம் ஊராட்சிகட்கு உரியதைத் தருகின்றனவோ என்று தம்மைத் தாமே கேட்டல் நன்று. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில் நடைபெற வேண்டிய ஊரகத் தேர்தல் 2019-ஆம் ஆண்டின் இறுதி வரை தள்ளிச் சென்றது. இடைக்காலத்தில் தனி அலுவலரே ஆண்டனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்மையால் நடுவண் நிதிக்குழுவின் மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு சனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் காலம் முடிந்து மறுபடி தனி அலுவலரிடம் சென்றன. தேர்தலின் காலத்தாழ்வு அரசியற் செய்தி மட்டுமன்று. தெருக்குழாயின் செய்தியும் ஆகும்.

வருகின்ற மானியமும் விருப்பம்போற் செலவிடற்குரியது அன்று. பதினைந்தாம் குழு 2021 முதல் உள்ளாட்சிக்கு அளித்த மானியத்தில் நூற்றுக்கு 60 குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்டது. குடிநீர் வேண்டும் ஊருக்கு இக்கட்டு நன்மை. பாலம் வேண்டும் ஊருக்கு இஃது இடையூறு.

நன்மையும் தீமையும்

இதுகாறும் கூறியவற்றால் பல்படி ஆட்சியின் பொருளியற் பயன்களைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, அருகில் இருப்பவர் குறையை நன்கறிவர். எந்த வாய்க்கால் தூர்ந்தது என்பது ஊராருக்குத் தெரியும். இரண்டாவது, ஒரு படியில் செய்த சோதனை வெற்றியுறின் நாடே பின்பற்றும். சென்னை மாநகராட்சி 1920-ஆம் ஆண்டில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகட்கு உணவு அளிக்கத் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் அதனை மாநிலத்தில் மதிய உணவாக்கினார், 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவாக விரித்தார். 1995-இல் நடுவணரசு நாடு முழுவதற்கும் திட்டம் வகுத்தது. ஒரு நகரப் பள்ளியிற் பிறந்த எண்ணம் மூன்று படியும் ஏறியது. ஒரே படியுடைய ஆட்சியில் இஃது எளிதில் நிகழ்ந்திராது.

தீமைகளும் உள. தாம் ஈட்டாத பணத்தைச் செலவிடுவோர்க்குச் சிக்கனம் தோன்றுதல் அரிது. ஒரு மாநிலத்தின் கடன் முதிர்ந்தால் நாடு முழுவதும் வட்டி ஏறக்கூடும். அதனாலேயே நடுவணரசுக்கு மாநிலம் கடன்பட்டிருக்குங்கால், அதன் இசைவின்றிப் புதுக்கடன் கொள்ளலாகாது என 293-ஆம் பிரிவு விதித்தது. ஆற்று நீரும் தொற்றுநோயும் ஊரெல்லையை மதியா. ஆதலின் எல்லாவற்றையும் கீழ்ப்படிக்கே விடுதலும் இயலாது. இவை யாவற்றினும் கொடியது பொறுப்பைத் தட்டிக்கழித்தல். நன்மை விளைந்தால் மூவரும் தம் பெயரைப் பொறிப்பர். குறை நேர்ந்தால் ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் சுட்டுவர்.

தஞ்சையிற் பிறந்து பொருளியற் பேரறிஞராய் விளங்கிய ஜே. சி. குமரப்பா, பொதுநிதியையும் மக்களின் வறுமையையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தவர். அவர் குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று குடிகளின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். வரி வாங்கப்படும் இடத்திலேயே அதன் பயன் விளைகின்றதா என்று நோக்குதல் வேண்டும் என்பது அவர் வாழ்க்கையினின்று யான் கற்கும் பாடம்.

முடிவுரை

மூதாட்டியாரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறத் துணிகின்றேன். பலர் ஆளுவதனால் தண்ணீர் வராமற்போகவில்லை. வரி வாங்கும் கை ஒன்று, செலவிடும் கை வேறொன்றாய் இருக்க, அவ்விரண்டினிடத்தும் கணக்குக் கேட்கும் வாய் அடங்கியிருப்பதனாலேயே வரவில்லை. படிகளைக் குறைப்பது இதற்கு மருந்தன்று. ஒவ்வொரு படிக்கும் இன்ன பொறுப்பு, இன்ன வருவாய் என்பது தெளிவாதல் வேண்டும். கொடுத்த தொகை இத்தனை, வந்த நாள் இது, செலவிட்டது இவ்வளவு என்று ஊர்ச்சுவரில் எழுதுதல் வேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுதல் வேண்டும்.

நம்மாலும் ஆவது ஒன்று உண்டு. நம் கல்லூரி மாணவருட் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது கிராம சபைக்குச் சென்று, வரவு செலவுக் கணக்கை வாங்கிப் படித்து, எழுத்தறியாதார்க்கு எடுத்துரைத்தல் அரிய தொண்டு அன்று. ஒரு பிற்பகலே அதற்குப் போதும். யான் கோடையில் நாணி நின்றேன். அடுத்த கிராம சபையில் அம்மூதாட்டியாரின் அருகே அமர்ந்து, அவர் கேட்டதையே யானும் கேட்க எண்ணியுள்ளேன். அவர் கூறியதுபோல் சர்க்கார் எத்தனையாயினும் குடம் ஒன்றே. அது நிறைந்ததா என்பதே ஆட்சிக்கு அளவுகோல்.